ஆறு நூல் குழாயும் அதன் இரண்டு கால்களும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எந்தப் பழம்பொருளும் முழுசாகக் கிடைக்காது. கதவு ஒரு கடையில் சாய்ந்திருக்கும். அதன் பித்தளைக் குமிழ் எதிர்க்கடையில் தொங்கும். சுவர்க் கடிகாரத்தின் பெட்டி வாசலில் தூசி தின்றுகொண்டிருக்க, பெண்டுலம் உள்ளே ஏதோ ஒரு தட்டில் கரண்டிகளோடு கிடக்கும். பங்காளிகள் வீட்டைப் பிரிக்கும்போது சாமானும் பிரிகிறது. பிறகு வண்டியில் ஏற்றுகிறவர் கைக்கு வந்தபடி பிரிக்கிறார், கடைக்காரர் விலைக்குத் தக்கபடி பிரிக்கிறார்.

அப்படி ஒரு கடையில்தான் அந்தக் குழாயைப் பார்த்தேன். முக்கால் அங்குலக் கனம், ஆசாரி கணக்கில் ஆறு நூல். முழங்கையைவிடக் கொஞ்சம் குறைந்த நீளம். கறுப்புப் பூச்சு தேய்ந்து பழுப்பாகிப்போன எஃகு. பெயர் பொறித்த இடத்தை யாரோ உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தார்கள்.

“கப்பல்ல வச்சுப் பாக்குறது தம்பி. ரங்கூன்லருந்து வந்த வீட்டுச் சாமான்” என்றார் கடைக்காரப் பாய்.

ரங்கூன் சேதி உண்மையாக இருக்கலாம். கப்பல் சேதி உண்மையில்லை. கப்பல் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கலாம். இதை ஒட்டிவைத்தால் இருட்டு. இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்ததும் எதிர்க்கடைப் பலகை கண்முன் வந்தது. நடுவில் சிலந்தி இழைபோல ஒரு கூட்டல் குறி. துப்பாக்கி சுட்டதும் பின்னால் உதைக்கும், கண்ணை ஒட்டிவைத்தால் புருவம் கிழியும். அதனால்தான் அந்த இரண்டு அங்குல இடைவெளி. இது ரைஃபிளின் மேல் மாட்டுகிற ஸ்கோப்.

ஆனால் அதில் திருகு எதுவும் இல்லை. இன்றைய ஸ்கோப் எதை எடுத்தாலும் குழாயின் நடுவே மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். மேலே உள்ளதைத் திருப்பினால் குறி மேலும் கீழும் நகரும், பக்கத்தில் உள்ளதைத் திருப்பினால் இடமும் வலமும். இந்தக் குழாயோ புல்லாங்குழலைவிட மொட்டை. “உடைஞ்சதா பாய்?” என்று கேட்டேன். பதில் பக்கத்துத் தட்டில் கிடந்தது. பாக்குவெட்டிகள், விளக்குத் திரிக்கட்டைகள், சாவிகளுக்கு நடுவே எஃகு வளையங்கள் இரண்டு. ஒன்று வெறும் வளையம். மற்றொன்றில் மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக, கோடு கீறிய சின்னஞ்சிறு உருளைகள். திருப்பினால் டிக், டிக் என்றன. அதைத் தட்டான் கருவி என்று நினைத்து வைத்திருந்தார் பாய்.

குழாயை அவர் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார், வளையங்களைத் தட்டில் போட்டிருந்தார். நானாக இருந்தால் மாற்றி வைத்திருப்பேன். இந்த வகை ஸ்கோப்பில் மூளை இருப்பது குழாய்க்குள் இல்லை, அதைத் தாங்கும் மவுண்டில்.

முதலில், எதற்காகக் குறியை நகர்த்த வேண்டும்? தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து, கையிலிருந்து நழுவிய தேங்காய் எப்படி விழுமோ அப்படியேதான் அதுவும் விழுந்துகொண்டே போகிறது. பத்தில் ஒரு நொடியில் 5 சென்டிமீட்டர், அரை நொடியில் 1.2 மீட்டர். என்சிசி முகாமில் நாங்கள் சுட்ட .22 ரைஃபிளின் தோட்டாவுக்கு 100 மீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆகும். அதற்குள் அது அரை மீட்டர் இறங்கியிருக்கும். ஆகவே பேரல் கொஞ்சம் வானம் பார்க்க வேண்டும், கண் நேராக இலக்கைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள கோணத்தைத்தான் திருகு மாற்றுகிறது. தூரம் மாறினால் கோணமும் மாற வேண்டும். பக்கக்காற்று அடித்தால் பக்கவாட்டிலும் மாற வேண்டும்.

இந்தக் கோணத்தை மாற்ற இரண்டு வழி. ஒன்று, குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கிற எதையாவது அசைப்பது. மற்றொன்று, உள்ளே எதையும் தொடாமல் குழாயையே அசைப்பது. பழைய ஆட்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். முன் வளையத்தில் குழாய் சும்மா உட்கார்ந்து, அங்கேயே திரும்பும். பின் வளையம் குழாயைவிடப் பெரிது; அதற்குள் குழாயை மூன்று இடத்தில் மட்டும் ஏதோ தொடுகிறது. மேலிருந்து ஒரு திருகு, பக்கத்திலிருந்து ஒரு திருகு, இவை இரண்டுக்கும் எதிர்மூலையிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு முளை. திருகு அழுத்தும், ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். மேல் திருகைத் தளர்த்தினால் ஸ்பிரிங் குழாயின் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு தாழும். கிணற்று ஏற்றத்தில் ஒருபக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிற கதைதான். மூக்கு தாழ்ந்ததால் கூட்டல் குறி இலக்குக்குக் கீழே போய்விடும். இலக்கை மறுபடி பிடிக்கச் சுடுகிறவர் துப்பாக்கியையே உயர்த்துவார். பேரல் வானம் பார்த்துவிட்டது, வேலை முடிந்தது.

இதில் அழகே கணக்குதான். அந்தத் திருகின் மரை அங்குலத்துக்கு 40. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகர்வது அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு சுற்றுக்கு 50 கிளிக், அதாவது 50 ‘டிக்’. ஆக ஒரு கிளிக்குக்கு அங்குலத்தில் 2000-ல் ஒரு பங்கு. நம்மூர் ஆசாரியிடம் சொல்வதானால், ஒரு நூலை 250 கூறு போட்டு அதில் ஒரு கூறு. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இந்த மயிரிழை 100 கெஜத்தில் என்ன ஆகிறது? அது இரண்டு வளையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. போட்டிக்குக் குறிபார்த்துச் சுடுகிற டார்கெட் ரைஃபிள்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 7.2 அங்குலம். முதலில் படித்தபோது இதென்ன ஏழும் இல்லாமல் எட்டும் இல்லாமல் ஒரு எண் என்று தோன்றியது. 100 கெஜம் என்பது 3600 அங்குலம். 3600-ஐ 7.2-ஆல் வகுத்தால் 500. அதாவது பின் வளையத்தில் நடக்கிற எந்த அசைவும் 100 கெஜத்தில் 500 மடங்காகத் தெரியும். 2000-ல் ஒரு பங்கை 500-ஆல் பெருக்கினால் கால் அங்குலம். ஒரு கிளிக், கால் அங்குலம், இரண்டு நூல். 50 கெஜத்தில் ஒரு நூல். 25 கெஜத்தில் அரை நூல். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அந்த 7.2-ஐ யார் முதலில் வைத்தாரோ, வட்டிக்கணக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வளையங்களை 6 அங்குல இடைவெளியில் மாட்டினால் அதே கிளிக் 0.3 அங்குலமாகிவிடும். 9 அங்குலத்தில் 0.2. திருகில் எழுதியிருக்கிற எண் திருகுக்கு மட்டும் சொந்தமில்லை, அது துப்பாக்கியில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் சொந்தம். இடைவெளியில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை, நூற்றுக்கு இரண்டுகூட மாறாது. ஓர் அங்குலம் மாறினால் கணக்கே வேறு.

தூரத்துப் பொருளைக் கோணத்தால் பிடிக்கிற இந்த வித்தை துப்பாக்கிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, நில அளவைக்காரர்களுடையது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கிய இந்திய நில அளவையில் லாம்டன் என்ற அதிகாரி பயன்படுத்தியது, அரை டன் எடையுள்ள தியோடோலைட் என்ற கோணம் அளக்கும் கருவி. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். அந்தக் கருவியிலும் தொலைநோக்கிக் குழாய் முழுசாகத்தான் திரும்பும். உள்ளே லென்சும் குறுக்கு இழையும் இருந்த இடத்திலேயே இருக்கும். எவ்வளவு திரும்பியது என்பதை வெளியே உள்ள வட்டத்தில் படிப்பார்கள். 1840-களில் அமெரிக்காவில் ரைஃபிளுக்குத் தொலைநோக்கி வைப்பது பற்றி எழுதிய ஜான் சாப்மன் ஒரு சிவில் எஞ்சினியர் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் யோசனைப்படி யூட்டிகா நகரத்து மார்கன் ஜேம்ஸ் செய்த குழாய் பேரல் நீளத்துக்கு இருக்கும். 1855-ல் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மால்கம் தொடங்கிய பட்டறை நல்ல லென்ஸ் போட்டுக் காட்சியைத் தெளிவாக்கியது. பம்பாய்ப் படையில் வேலை பார்த்த டேவிட் டேவிட்சன் என்ற அதிகாரியின் ஸ்கோப், விட்வொர்த் ரைஃபிளின் இடப்பக்கத்தில் ஏறி அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் போனது.

1910 வாக்கில் வந்த வின்செஸ்டர் ஏ5 இந்தக் குடும்பத்தில் பேர்பெற்றது. ஐந்து மடங்கு பெரிதாக்கும், ஆறு நூல் குழாய். முதல் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் இதை மாட்டியது. 1928-ல் லைமன் நிறுவனம் அதை வாங்கி 5ஏ என்று பெயர் வைத்தது. அப்புறம் பிட்ஸ்பர்க். அங்கே ஃபெக்கர் என்பவர் நடத்திய நிறுவனம் வானியல் தொலைநோக்கிகளும் செய்தது, ரைஃபிள் ஸ்கோப்பும் செய்தது. அவரிடம் வேலைபார்த்த ஜெர்மன்காரர் ஜான் யூனெர்ட்டல் 1934-ல் தனியாகக் கடை போட்டார். யூனெர்ட்டலின் எட்டு மடங்கு ஸ்கோப் இரண்டாம் உலகப் போரில் மரைன்களிடம் போய், வியட்நாம் வரைக்கும் தாக்குப்பிடித்தது. நட்சத்திரம் பார்க்கக் கருவி செய்கிறவர்களுக்குக் குழாயைத் திருப்புவதுதான் இயல்பு. கண்ணாடிக்குள் கைவைக்க அவர்களுக்கு மனசு வராது.

அந்த மனசு வராததற்குக் காரணமும் உண்டு. லென்சின் நடுப்பகுதியில்தான் காட்சி சுத்தமாக இருக்கும், ஓரம் போகப்போகக் கலங்கும். குழாயை மொத்தமாக அசைக்கும்போது கண் எப்போதும் லென்சின் நடு வழியாகவே பார்க்கிறது. உள்ளே அசைகிற பாகம் இல்லை. லென்சை இறுக்கிப் பதித்து மூடிவிடலாம், குழாயை மெலிசாகவும் நீளமாகவும் செய்யலாம். அன்றைக்கு உள்ளே திருகு வைத்த ஸ்கோப்புகளில் குறுக்கு இழையையே நகர்த்தினார்கள். நெற்றியில் பொட்டு ஓரமாக வைத்ததுபோல, குறி வட்டத்தின் ஒரு மூலையில் போய் நிற்கும். சகித்துக்கொண்டு சுட்டார்கள்.

இன்னொரு விஷயம், முதலில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இந்தக் குழாய் மவுண்டில் பூட்டப்படுவதே இல்லை, முன்னும் பின்னும் வழுக்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் பாய்கிறது. கனமான குழாய் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வாரே, அதே சங்கதி. குழாயை இறுக்கியிருந்தால் அந்த உதை முழுவதும் லென்சிலும் சிலந்தி இழையிலும் மவுண்டின் சிறு ஆணிகளிலும் இறங்கும். வழுக்கவிட்டால் எதற்கும் வலிக்காது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழாயைக் கையால் பின்னுக்கு இழுத்துவைப்பார்கள். சிலர் குழாயைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் போட்டு அது தானாகத் திரும்பும்படி செய்தார்கள். வழுக்கும்போது சுழன்றுவிடாமல் இருக்கக் குழாயில் நீளவாக்கில் ஒரு வரம்போ பள்ளமோ இருக்கும். பாயின் குழாயில் பள்ளம் இருந்தது. அதில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிவைத்திருந்தார்கள், ஏன் என்று கேட்கவில்லை.

பின்னே ஏன் இது வழக்கொழிந்தது? காடு டார்கெட் மைதானம் இல்லை என்பதால். மழை, மண், மரக்கிளை எல்லாம் அந்த மூன்று தொடுபுள்ளிகளில்தான் போய் உட்காரும். ஒரு மணல் துகள் திருகுக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டினால் பத்து கிளிக் பிசகு. கைப்பிடிபோல நீட்டிக்கொண்டிருக்கிற மவுண்டை யாராவது பிடித்துத் தூக்கினால் முடிந்தது கதை. 1930-ல் டபிள்யூ.ஆர். வீவர் உள்ளே திருகு வைத்த ‘330’ என்ற மலிவு ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஜெர்மன்காரர்கள் நடுவழியாக ஒன்று வைத்திருந்தார்கள்: உயரத்துக்குத் திருகு குழாயின் உள்ளே, பக்கவாட்டுக்கு மவுண்டில்.

நம் பக்கத்தில் வேட்டை ஓய்ந்த கதை தனி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்கட்டுப்பாடு இன்னொரு புறம். செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருந்து இப்போது வெளியே வருவது துப்பாக்கியை இழந்த குழாய்கள்தான்.

உள்ளே திருகு வைத்தது வெளித்திருகை ஒழித்துவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய ஸ்கோப்பை அறுத்துப் பாருங்கள். பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும். தலைகீழ்க் காட்சியை நிமிர்த்துகிற லென்சுகள் அதில் இருக்கின்றன. ஒரு முனை அச்சில் திரும்பும். மறுமுனையில் மேலிருந்து ஒரு திருகு, பக்கத்திலிருந்து ஒரு திருகு, எதிர்மூலையில் ஸ்பிரிங். பாய் தட்டில் கிடந்த பின் வளையத்தைச் சுருக்கி உள்ளே குடிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே இருந்த கிணற்றை வளவு முற்றத்துக்குள் கொண்டுவந்ததுபோல.

வெளியே உள்ள வழியும் முழுக்கத் தூர்ந்துவிடவில்லை. வியட்நாம் காலத்தில் ஜேம்ஸ் லெதர்வுட் செய்த ஸ்கோப்பில், பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பும்போதே அதோடு சேர்ந்த ஒரு கோணைச் சக்கரம் குழாயின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். தூரத்துக்குத் தக்க கோணம் தானாக வந்துவிடும். இப்போது 2000 மீட்டருக்கு அப்பால் போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு உள்திருகில் இடம் போதவில்லை. சின்னக் குழாய் பெரிய குழாயின் சுவரில் முட்டிவிடுகிறது. அவர்கள் மறுபடி மவுண்டையே சாய்க்கிறார்கள். துப்பாக்கியை மேசையில் தாங்கிவைத்துச் சுடுகிற பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களில் சிலர் நவீன ஸ்கோப்பின் உள்பாகங்களை அசையாதபடி இறுக்கிவிட்டு, வெளியே திருகு வைத்த மவுண்டில் அதை ஏற்றுகிறார்கள். உள்ளே அசைவது எதுவும் ஒரு நாள் தானாக அசையும் என்ற பயம்தான்.

பாயிடம் மூன்றையும் சேர்த்து வாங்கினேன். குழாய்க்கு அவர் சொன்ன விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. வளையங்களைக் கையில் வைத்து எடைபோட்டுப் பார்த்தார். “பித்தளைன்னாக்கூட எடைக்குப் போகும். இரும்பு. சும்மா கொண்டு போங்க.”

திருகு இன்னும் உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஆசை. துப்பாக்கி தேவையில்லை, 25 கெஜம் நேர்ப்பார்வை போதும். பள்ளத்தூரில் நண்பன் வீடு அதற்கென்றே கட்டியதுபோல. முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே வரிசையில் திறந்து பின்வாசல் தெரியும். சங்கிலி பிடித்து 75 அடிக்கு அளந்து, அங்கே உள்ள தூணில் ஓர் அங்குல அளவுகோலை நிமிர்த்தி ஒட்டினோம். ஆசாரி ஒரு தேக்குக் கட்டையில் மவுண்டுகளைப் பதித்துக் கொடுத்திருந்தார். 7.2 அங்குலம் என்றதும் சிரித்தார். “ஏழு, ஒன்றரை நூலுக்கு ஒரு மயிர் மேலன்னு சொல்லுங்கண்ணே” என்றார். கட்டையை அம்மிக்கல்லின் மேல் வைத்து, கண் அங்கேயும் இங்கேயும் போகாமல் இருக்க அட்டையில் ஓட்டை போட்டு முன்னால் நிறுத்தினேன். அவ்வளவு கிட்டத்தில் படம் கொஞ்சம் மங்கல்தான். கண் அசைந்தால் குறியும் அசைகிற மாதிரித் தெரியும்.

வளவில் உட்கார்ந்து வற்றலைத் திருப்பிக்கொண்டிருந்த ஆச்சி கேட்டார்கள்: “தம்பி, வாசல்ல உக்காந்துக்கிட்டு கொல்லையில அப்படி என்னத்தப்பா பாக்குறே?”

“நூல் பாக்குறேன் ஆச்சி.”

மேல் திருகை உள்ளே இறக்கி, குழாயைப் பத்து கிளிக் அழுத்தினேன். அளவுகோலில் குறி ஐந்து நூல் ஏறியது. கணக்குப்படி சரி. பிறகு அதே பத்து கிளிக்கை வெளியே எடுத்தேன். ஸ்பிரிங்தான் குழாயைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நான்கு நூல்தான் திரும்பி வந்தது. கட்டையை விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டியதும் மீதி ஒரு நூலும் வந்து சேர்ந்தது. பழைய டார்கெட்காரர்கள் திருகை எப்போதும் தேவைக்கு மேல் தளர்த்திவிட்டு, மறுபடி உள்ளே இறக்கிக் குறித்த எண்ணில் நிறுத்துவார்கள். ஸ்பிரிங்கை நம்பி நிற்க மாட்டார்கள், திருகை நம்பி நிற்பார்கள். அப்படியே செய்து பார்த்தேன். மூன்று தடவையும் குறி ஒரே கோட்டில் வந்து நின்றது. ஸ்பிரிங் முளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். பள்ளத்துச் சுண்ணாம்பில் பாதி அதற்குள்தான் போயிருந்தது.